எந்திரத்தைப் பாடியவர்களும் எந்திரம் பாடிய குரல்களும்

அறிவியற் கருவிகளின் வியப்பையும் அவற்றால் விளையும் அச்சத்தையும் கருவாகக் கொண்ட மின்னிசைத் தொகுப்புகள் தமிழில் உண்டா என்று கேட்டால், இரண்டைத் தயங்காமல் சொல்லலாம். ஒன்று, 2010 ஜூலை 31 அன்று மலேசியாவில் வெளியிடப்பட்ட 'எந்திரன்' பாடல்கள். மற்றொன்று, 2017 அக்டோபரில் துபாயில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை பகுதி பகுதியாக வெளியான '2.0' பாடல்கள். இரண்டுக்கும் இசை ஏ.ஆர்.ரஹ்மான். முதல் தொகுப்பில் எந்திர மனிதனைப் படைக்கும் 'புதிய மனிதா' பாடலுக்குக் குரல் தந்தவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். இரண்டாவதில் பறவைகளுக்காக உருகும் 'புள்ளினங்காள்' பாடலின் முதன்மைக் குரல் பம்பா பாக்யாவுடையது. எஸ்.பி.பி. 2020 செப்டம்பரிலும், பாக்யா 2022 செப்டம்பரிலும் மறைந்தார்கள். மறைவுக்குப் பின் இவ்விருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மீண்டும் உருவாக்கினார்கள். ஒருவர் விஷயத்தில் குடும்பத்தின் இசைவோடு. மற்றவர் விஷயத்தில் இசைவின்றி என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு.

இந்த ஒற்றுமை தற்செயலானது. அதற்குப் பின்னால் கிடக்கும் ஐம்பதாண்டு வரலாறு தற்செயலானதன்று. எந்திரத்தின் ஆபத்தை நம் பாடல்கள் கதைக்குள் தேடின: களவுபோன ஏவுகணை, காதல் கொண்ட எந்திரன், பறவையைக் கொல்லும் கைபேசி. அந்தப் பாடல்கள் பதிவான கூடத்துக்குள்ளேயே வேறோர் ஆபத்து ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி எவரும் பாட்டெழுதியதாக நான் அறியேன். அந்த இரட்டை வரலாற்றையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

ஒரே கருவைச் சுற்றிப் பாடல்களை அமைத்து ஒரு தட்டாக வெளியிடும் வழக்கம் மேலை நாடுகளில் 1960களிலேயே வேரூன்றிவிட்டது. மின்னிசையில் அதற்குச் சிறந்த சான்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்துக் 'கிராஃப்ட்வெர்க்' குழு. 1975இல் அவர்கள் வெளியிட்ட 'ரேடியோ-ஆக்டிவிட்டி' என்ற தொகுப்பின் பெயரே ஒரு சிலேடை. வானொலி அலையையும் அணுக் கதிரியக்கத்தையும் ஒரு சொல்லில் கட்டிவைத்தார்கள். வியப்பும் அச்சமும் ஒரே தட்டில் இருந்தன. எந்தப் பக்கமும் சாயாத குளிர்ந்த குரலில் பாடினார்கள். 1978இல் 'த மேன்-மெஷின்', 1981இல் 'கம்ப்யூட்டர் வேர்ல்டு'. இடையில் 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. 1991இல் அதே கதிரியக்கப் பாடலை மறுபடி பதிவு செய்தபோது, நிறுத்தச் சொல்லும் சொல்லொன்றை முன்னே சேர்த்து, செர்னோபில், ஹிரோஷிமா முதலிய ஊர்ப்பெயர்களையும் அடுக்கினார்கள். பதினாறு ஆண்டுகளில் ஒரு பாடல் வியப்பிலிருந்து எச்சரிக்கைக்கு இடம்பெயர்ந்தது.

தமிழில் இத்தகைய தனித்தொகுப்புக்குச் சந்தை வளரவில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) போன்றவை விதிவிலக்குகள். அவற்றின் கரு அறிவியல் அன்று. நமக்குத் தொகுப்பு என்பது திரைப்படத்தின் ஒலிநாடாதான். படம் திரைக்கு வரும் முன்பே பாடல்களைக் கேட்டுக் கதையை ஊகிப்பது நம் மக்களின் நெடுநாள் பழக்கம். எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் எனப் பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் வாழும் எம்மைப் போன்ற எல்லைத் தமிழர்க்கு இது இன்னும் பொருந்தும். பள்ளியும் அலுவலகமும் மலையாளத்தில் நடந்தாலும் காதில் விழும் இசை இரு மொழியினதாகவே இருந்துவருகிறது. ஆகவே ஒரு திரைப்படத்தின் பாடல் வரிசையைக் கருப்பொருள் தொகுப்பாக வாசிப்பதில் தவறில்லை என்பது என் நிலைப்பாடு.

இசைக்குள் கருவி நுழைவதை எதிர்த்த முதற்குரல்களுள் ஒன்று எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தாங்கியவருடையது என்பதை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், ஒலிபெருக்கியின் முன் வாசிக்க மறுத்தார். 1960களில் அவருக்காகவே ஒலிவாங்கி இல்லாத கச்சேரிகள் நடந்தன. மிருதங்கத்தின் நாதத்தை ஒலிவாங்கி சிதைக்கிறது, செவிக்குரிய நுட்பத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடந்தலையில் உள்ளங்கையின் அழுத்தத்தால் எழும் கும்கியின் ஆழத்தை அக்காலத்து ஒலிவாங்கியும் கூம்பு ஒலிபெருக்கியும் எப்படிக் கொன்றிருக்கும் என்பது திருவிழாக் காலங்களில் கூம்பு கட்டிய பந்தலருகே நின்ற எவருக்கும் தெரியும். அவர் எதிர்த்தது முன்னேற்றம் என்ற பொதுக் கருத்தை அன்று. தம் விரல் எழுப்பிய ஒலிக்கும் மக்கள் காதில் விழும் ஒலிக்கும் இடையில் புகுந்துகொண்ட ஒரு கருவியை. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

மணி ஐயர் ஒலிவாங்கியை விலக்கிவைத்த அதே பத்தாண்டின் முடிவில், நாட்டின் மறு கோடியில் நேர்மாறான ஒன்று நடந்தது. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசருடன் வந்து சேர்ந்தார். ராபர்ட் மூக் அந்தக் கருவியை உருவாக்கி அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. தந்தியும் தோலும் காற்றும் இல்லாமல், மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் சுரத்தை எழுப்பும் கருவி அது. கம்பிகளை ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு மாற்றிச் செருகினால் ஒலி மாறும். அதை இயக்கக் கற்றவர்களுள் கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, மாணவரான ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இருந்தனர். 1972 வரை அந்தக் கூடம் இயங்கியது. பிறகு ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பறையில் உறங்கின. பிரிட்டனைச் சேர்ந்த பால் புர்கஸ் என்ற இசைக் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்து, 2023இல் ஒரு தொகுப்பாக வெளிவரச் செய்தார்.

ஜோஷிபுராவின் பதிவுக்குப் பெயர் 'ஸ்பேஸ் லைனர் 2001'. மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டில் தொடங்கிய கூடத்தில், ஓர் இந்திய மாணவர் விண்கலப் பயணத்தைச் சுர வடிவில் கற்பனை செய்கிறார். மாத்தூரின் பதிவொன்றுக்கு 'என் பறவைகள்' என்று பொருள்படும் பெயர். சிந்தசைசரில் பறவைகள். ஐம்பதாண்டு கழித்து எந்திரத்தால் அழியும் பறவைகளைப் பற்றி ரஹ்மான் இசையமைக்கப் போவதை நினைத்தால் அந்தப் பெயர் சற்றே உறுத்துகிறது.

கீதா சாராபாயைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடமிருந்து மேலையிசை இலக்கணம் கற்றவர் இவர். இவருடைய உடன்பிறந்தவர் விக்ரம் சாராபாய். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவக் கிராமத்திலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவச் செய்தவர். 1969இல் இஸ்ரோவைத் தொடங்கியவர். ஆக, இந்தியாவின் ராக்கெட்டும் இந்தியாவின் முதல் மின்னிசைக் கூடமும் ஏறக்குறைய ஒரே வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டவை. அந்தத் தலைமுறைக்குக் கருவி என்றால் வியப்பு மட்டுமே. அகமதாபாத் பதிவுகளில் அச்சத்தின் சாயல் மிகக் குறைவு என்பது என் செவிக்குப் பட்டது.

தமிழ்த் திரையில் இக்கரு அதே காலத்தில் தலைகாட்டியது. 1973இல் வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில், மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் வழியைக் கண்டறியும் அறிவியலாளர், அது அழிவுக்குப் பயன்பட்டுவிடும் என்றஞ்சித் தம் கண்டுபிடிப்பை மறைக்கிறார். எதிர்காலத் தொழில்நுட்பத்தின் திருவிழாவான ஒசாகா 'எக்ஸ்போ 70' கண்காட்சியில் காட்சிகள் படமாயின. இசை, பாலக்காடு எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன். கதை அறிவியலைப் பேசியது. பாடல்கள் பெரும்பாலும் காதலைப் பேசின. கூடத்தில் வயலின்காரர்களும் குழலூதுவோரும் தாளக் கலைஞர்களும் வரிசையாக அமர்ந்து வாசித்தார்கள். அறிவியல் அச்சத்தைப் பேசும் படத்துக்குக்கூட மனிதக் கைகளே வாசித்த காலம் அது.

1986 திருப்புமுனை. அவ்வாண்டு மே மாதம் 'விக்ரம்' வெளியானது. கதையும் வசனமும் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர்; மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். 'அக்னிபுத்ரா' என்னும் ஏவுகணை களவு போகிறது. அதை மீட்கக் கணினி வல்லுநரான ஒரு பெண்ணும் உளவாளியும் புறப்படுகிறார்கள். வைரமுத்து எழுதிக் கமல்ஹாசன் பாடிய தலைப்புப் பாடலில் இளையராஜா எழுப்பிய ஒலி, அதுவரை தமிழ்ச் செவி பழகாத ஒன்று. மின்தாளம் நெஞ்சில் இடிக்கிறது, சிந்தசைசர் கத்தி போல் வெட்டுகிறது, நாயகன் பெயரே ஒரு கட்டளையைப் போல ஒலிக்கிறது. கதையின் கருவும் ஒலியின் பொருளும் தமிழில் முதன்முறையாக இங்கே இவ்வளவு அழுத்தமாக ஒன்றுபட்டன என்று துணிந்து சொல்வேன். தொழில்நுட்பத்தைப் பற்றிய பாடலைத் தொழில்நுட்பமே பாடியது.

அதே ஆண்டு தீபாவளிக்கு 'புன்னகை மன்னன்' வந்தது. யமஹா சி.எக்ஸ்.5.எம். என்ற இசைக் கணினியை இளையராஜா அதில் பயன்படுத்தினார். வீட்டுக் கணினியோடு சிந்தசைசரையும் இணைத்து 1984இல் யமஹா சந்தைக்குக் கொண்டுவந்த கருவி அது. சுரத்தை எண்ணாக மாற்றிக் கணினியில் பதிந்துவைத்தால், எத்தனை முறை கேட்டாலும் பிசகின்றி வாசிக்கும். 1983இல் உலக உற்பத்தியாளர்கள் ஏற்றுக்கொண்ட 'மிடி' என்ற பொதுமொழி, ஒரு நிறுவனத்தின் கீபோர்டு மற்றொரு நிறுவனத்தின் தாளக்கருவியோடு பேசுவதைச் சாத்தியமாக்கியிருந்தது. இளையராஜாவின் வாத்தியக் குழுவில் அந்நாளில் கீபோர்டு வாசித்த இளைஞர்களுள் ஒருவர் திலீப் குமார். பின்னாளில் அவர் பெயர் ஏ.ஆர்.ரஹ்மான்.

இங்கே சற்று நிற்க வேண்டும்.

பழைய முறையில் ஒரு பாடல் பதிவு என்றால் இருபது, முப்பது, சில வேளைகளில் அதனினும் மிகுதியான கலைஞர்கள் ஒரு கூடத்தில் ஒன்றாக அமர்வார்கள். இசைக்குறிப்பு கைக்கு வரும். ஒத்திகை, பிறகு பதிவு. ஒருவர் தவறினால் அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். கால்ஷீட் கணக்கில் ஊதியம். வயலின் வரிசையில் ஐந்தாவதாக அமர்ந்தவரின் பெயர் ஒலிநாடா உறையில் இராது. ஆயினும் அந்த மாத வாடகையை அவர் அந்த வரிசையால்தான் கட்டினார். கீபோர்டும் சீக்வென்சரும் வந்தபின், பாஸ் கிதார், தாளம், பின்னணி வயலின் வரிசை ஆகிய அனைத்தையும் ஒருவர் ஓர் அறையில் அமர்ந்து அமைத்துவிட முடிந்தது. தவறு நேராது. உணவு இடைவேளை வேண்டாம். இரவு இரண்டு மணிக்கும் வாசிக்கும். சென்னையின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் நாள்தோறும் நடந்த குழுப்பதிவு மெல்ல அருகியது. ஒரே நாளில் கதவடைப்பாக நடந்திருந்தால் செய்தியாகியிருக்கும். வாரத்துக்கு ஐந்து அழைப்புகள் மூன்றாகி, மூன்று ஒன்றாகி, ஒன்று திருமண வரவேற்புக் கச்சேரியாக மாறியதை எந்த நாளிதழும் எழுதவில்லை.

இதன் சிறு வடிவத்தைக் கோயில்களில் காணலாம். தமிழகத்தில் பல கோயில்களில் பூசை நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மோட்டாரில் சுழன்று முரசும் மணியும் அடிக்கும் இரும்புப் பெட்டி நிற்கிறது. அதை வைத்தவர்களிடம் கேட்டால் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். வாசித்த குடும்பத்தாரிடம் கேட்டால் கூலி கட்டவில்லை என்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்தப் பெட்டிக்குத் தாளம் தெரியும். தீபாராதனை நீண்டால் தானும் நீட்டிக்க வேண்டும் என்பது தெரியாது.

இவ்வரலாற்றில் ரஹ்மானை எதிர்நிலையில் நிறுத்துவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அவர் தந்தை ஆர்.கே.சேகர் தமிழர், உழைத்தது பெரிதும் மலையாளத் திரைக்கு. 1964இல் 'பழசிராஜா' படத்துக்கு இசையமைத்தவர், பல இசையமைப்பாளர்களுக்கு வாத்திய அமைப்பாளராகவும் நடத்துநராகவும் இருந்தவர். 1976இல் அவர் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் பிழைத்தது. எந்திரம் பலர் வீட்டு அடுப்பை அணைத்தது என்றால், இந்த ஒரு வீட்டு அடுப்பை எரியவைத்ததும் எந்திரமே. 1989இல் தம் வீட்டு வளாகத்தில் ரஹ்மான் அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கூடத்திலிருந்து 1992இல் 'ரோஜா' வெளிவந்தது. ஒரு தனியறையில் கணினியோடு அமைத்த இசை நாடு முழுவதையும் கேட்கவைத்தது. வாசித்த கலைஞர்களின் பெயர்களை ஒலிநாடா உறையில் அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கியவரும் அவரே. 2008இல் இசைக்கல்லூரி ஒன்றையும் தொடங்கினார். குழுவைச் சுருக்கிய அதே கை, எஞ்சியவர்களின் பெயரைப் பொறித்தது.

'எந்திரன்' தொகுப்புக்கு இந்தப் பின்னணியோடு வருவோம். சுஜாதா இப்படத்துக்கும் எழுதினார். 2008 பிப்ரவரியில் அவர் மறைய, கணினியியலில் முனைவர் பட்டம் பெற்ற மதன் கார்க்கி பாடல்களோடு வசனத்திலும் பங்கேற்றார். 'விக்ரம்' படத்துக்கும் 'எந்திர'னுக்கும் நடுவில் இருபத்து நான்கு ஆண்டுகள். இரண்டையும் இணைக்கும் எழுத்துக்கை ஒன்று.

பாடல் வரிசையே ஒரு கதை. 'புதிய மனிதா'வில் படைப்பு. எந்திரத்துக்கு வேண்டிய பொருள்களை வைரமுத்து மந்திரம் போல் அடுக்க, எஸ்.பி.பி.யின் குரல் தந்தையின் பெருமிதத்தோடு எழுகிறது. அதற்கெதிரே ரஹ்மானின் மகள் கதீஜாவின் இளங்குரல் பிறந்த குழந்தையைப் போலப் பதில் தருகிறது. அடுத்து 'காதல் அணுக்கள்', இயற்பியல் சொற்களில் காதல். மூன்றாவதாக 'இரும்பிலே ஒரு இருதயம்'. தொகுப்பின் உச்சம் இதுவென்பேன். எந்திரனின் காதலை ரஹ்மானே, தம் குரலைக் கருவியால் உருமாற்றிப் பாடுகிறார். கிராஃப்ட்வெர்க் குழுவினர் மேடையில் தங்களுக்குப் பதில் எந்திரப் பொம்மைகளை நிறுத்தியது போல, இங்கே இசையமைப்பாளர் தம்மையே எந்திரத்தின் இடத்தில் வைத்துக்கொள்கிறார். 'அரிமா அரிமா'வில் அந்தக் காதல் ஆணவமாகிறது. பெருங்குழுக் குரல்கள் ஒரே உருவத்தின் ஆயிரம் படிகளைப் போல் அணிவகுக்கின்றன. படத்தைப் பாராமலேயே, எந்திரன் எங்கிருந்து எங்கே போனான் என்பதைச் செவி அறிந்துகொள்ளும். 'கிளிமாஞ்சாரோ' மட்டும் இந்த வரிசையில் ஒட்டாது. வணிகப்படத்தில் அத்தகைய விருந்தாளிகள் வந்து போவது இயல்பு.

இப்பாடல்களில் ஆபத்து எங்கே இருக்கிறது? எந்திரனுக்கு ஆசை வந்ததில். படத்தின் முடிவில் நீதிமன்ற ஆணைப்படி அவன் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறான். சிந்திக்கத் தொடங்கியதே அவன் குற்றம் என்பது கதையின் தீர்ப்பு. இது மேரி ஷெல்லி 1818இல் எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் முதல் தொடரும் பழைய அச்சம். எந்திரம் மனிதனைப் போல் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். ஆசையே இல்லாத எந்திரம், எவரையும் வெறுக்காமல், மனிதனின் இடத்தில் அமைதியாக அமர்ந்துகொள்ளும் என்பது அந்தக் கதைக்குள் அடங்காது.

'2.0' வேறோர் அச்சத்தைப் பாடியது. கைபேசிக் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன. அவற்றை நேசித்த முதியவர் பழிவாங்க எழுகிறார். நா.முத்துக்குமார் 2016இல் மறைந்தபின் வெளிவந்த அவருடைய பாடல்களுள் ஒன்று 'புள்ளினங்காள்'. சங்கச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு, பறவைகளை நேர்முகமாய் விளித்துப் பாடும் அமைப்பு. பம்பா பாக்யாவின் குரலில் மண்ணும் கரகரப்பும் கலந்த ஓர் அடர்த்தி உண்டு. கருவிகளை ரஹ்மான் இங்கே பின்னுக்குத் தள்ளி, அந்தக் குரலை ஏறக்குறைய வெற்றிடத்தில் நிறுத்தினார். எந்திரத்தைக் குற்றம் சாட்டும் பாடலில் எந்திர ஒலியைக் குறைத்தது சிறந்த முடிவு.

அறிவியல் நோக்கில் அந்தக் குற்றச்சாட்டு வலுவற்றது. படம் வெளியாகும் தறுவாயில் கைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது வணிக நலன் கருதி என்றாலும், சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது உண்மை. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் குருவிகள் குறைந்தாலும் நாடளவில் அவற்றின் நிலை பெரிதும் மாறவில்லை என்றே சொன்னது. கூடு கட்ட இடமின்மை, பூச்சி உணவின் குறைவு ஆகியவையே நகரங்களில் வலுவான காரணங்களாகக் கருதப்படுகின்றன. பாடல் நம்மை அழவைத்தது. சுட்டிய விரல் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடல் வெளியானது. அதில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் பாடுகிறார்கள். சாகுல் ஹமீது 1990களின் பிற்பகுதியில் விபத்தில் இறந்தவர். 'திருடா திருடா' படத்தில் அவர் பாடிய 'ராசாத்தி என் உசுரு' வாத்தியக் கருவிகளே இன்றி மனிதக் குரல்களால் மட்டும் அமைந்த பாடல் என்பதை இசையன்பர்கள் அறிவார்கள். கருவியே இல்லாமல் புகழ்பெற்ற குரலைக் கருவி எழுப்பித் தந்தது. எதிர்ப்பு எழுந்தபோது ரஹ்மான் 2024 ஜனவரி 29 அன்று எக்ஸ் தளத்தில் விளக்கினார்: இருவர் குடும்பத்தாரிடமும் ஒப்புதல் பெற்றோம், உரிய ஊதியம் அளித்தோம், முறையாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் அச்சுறுத்தல் ஆகாது என்பது அதன் சாரம்.

ஏறக்குறைய அதே வாரங்களில் எஸ்.பி.பி.யின் மகன் சரண், 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் தம் தந்தையின் குரலைக் குடும்பத்தின் அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியதாகக் கூறிப் படக்குழுவுக்கு வழக்கறிஞர் வழியே அறிவிப்பு அனுப்பிய செய்தி வெளியானது. எந்திர மனிதனை வாழ்த்தி வரவேற்ற குரலுக்கே இது நேர்ந்தது.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஒப்புதலும் ஊதியமும் பெரிய வேறுபாடு. எனினும் ஒப்புதல் யாருடையது என்ற வினா எஞ்சுகிறது. பாடல் ஒன்றுக்குக் குரல் தரலாமா என்பதைப் பாடகர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறார்: சொற்களைப் படித்துப் பார்க்கிறார், சுருதி ஒத்துவருமா என்று பாடிப் பார்க்கிறார், சிலவற்றை மறுக்கிறார். வாரிசுகள் அன்புள்ளவர்களாக இருக்கலாம்; அந்த மறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதா? மணி ஐயர் ஒலிவாங்கியை மறுத்தபோது மறுக்க அவர் இருந்தார்.

சட்டம் இதில் பாதி வழியே வந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் நிகழ்த்துநர்களுக்கு உரிமைத்தொகையில் பங்கு தந்தது. அது காப்பது நிகழ்த்திய பாட்டை. நிகழ்த்தாத பாட்டில் ஒலிக்கும் குரலின் சாயலை அது நேரடியாகப் பேசவில்லை. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், அவர் குரலை நகலெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு எதிராக இடைக்காலத் தடை வழங்கியது. அவர் வாழும் கலைஞர், புகழ்பெற்றவர், வழக்காட வசதியுள்ளவர். வயலின் வரிசையில் ஐந்தாவதாக அமர்ந்தவரின் வில்லசைவையும் பதிவுகளிலிருந்து எந்திரம் கற்றுக்கொள்கிறது. அவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

இந்தக் குரல் மாற்றம் நடைபெறும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கொண்டு அவருடைய குரலின் தன்மையை எந்திரத்துக்குக் கற்பிக்கிறார்கள். பாடலை எந்திரம் தானே பாடிவிடுவது அரிது. பெரும்பாலும் உயிருள்ள ஒருவர் முதலில் பாடுகிறார். மூச்சு, நெளிவு, கமகம், உணர்ச்சி ஆகிய அனைத்தும் அவருடையவை. அதன்மேல் மறைந்தவரின் குரல்நிறத்தைப் போர்த்துகிறார்கள். அதாவது ஒவ்வொரு மீட்டெடுத்த குரலுக்கும் அடியில், தன் குரல் அழிக்கப்பட்ட ஒரு பாடகர் இருக்கிறார். பாடல் விவரத்தில் முதற்பெயராக மறைந்தவரின் பெயர் இருக்கும். கீழே பாடியவருடைய பெயர் இருக்கிறதா என்று, அடுத்த முறை இப்படியொரு பாடல் வரும்போது, நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள். நான் ஒரு பட்டியல் தொகுத்துவருகிறேன்.